நடுவில் நின்ற முள்

மூன்று வருடமாக என் காரின் சூடு காட்டும் முள் நட்ட நடுவில் நின்றது. சிட்னியின் ஆடி மாதக் குளிரில் விடிய ஏழு மணிக்கு எடுத்தாலும் நடு. தை மாத வெயிலில் எம்4 நெடுஞ்சாலையில் பரமட்டாவைத் தாண்ட முடியாமல் முக்கால் மணி நேரம் ஊர்ந்தாலும் அதே நடு. என்ன எஞ்சினப்பா என்று வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த முள்ளைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கார் 1993ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-7. எஃப்டி என்று சொல்லும் மூன்றாம் தலைமுறை. பெண்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக் கராஜில், சலவை இயந்திரத்துக்கும் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் பக்கத்தில் நிற்கிறது. பின்தெருத் தம்பி ஒருவன், மெக்கானிக் வேலை பழகுகிறவன், ஒருநாள் பக்கத்துச் சீற்றில் இருந்து வந்தான். நான் வழக்கம்போல முள்ளைக் காட்டினேன்.

"அண்ணை, அதை நம்பாதேங்கோ. அது நடுவில நிக்கிறதுக்கெண்டே செய்த முள்."

எனக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் அவன் சொன்னது சரி. முள் உள்ளபடி ஏறி இறங்கினால் கார்க்காரர் பயந்து கராஜுக்கு ஓடி வருவார் என்பதால், ஓடும் சூடு வந்த பிறகு நூறு பாகையை நன்றாகத் தாண்டும்வரை முள் அசையாதபடி அமைத்துவிடுவது உண்டு. எஃப்டியின் முள்ளும் அந்த வகை. அது நடுவை விட்டு மேலே போகிறதை நீங்கள் காணும் நேரத்தில், காப்பாற்ற வேண்டியது ஏற்கெனவே வெந்திருக்கும்.

அடுத்த வாரமே எண் காட்டும் மீற்றர் ஒன்றைப் பூட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு, வெளியே 38 பாகை. வெஸ்ட்மீடுக்குப் பக்கத்தில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் வரும் வழியில் சிவப்பு விளக்கொன்றில் நின்றேன். 96. 99. 102. எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறி சுற்றும் சத்தமே இல்லை. 105. பின்னால் இருந்த மகள் எண்களைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசித்துக்கொண்டு வந்தாள். 107இல் பொனட்டுக்குள் இருந்து "ம்ம்ம்" என்று விசிறி எழும்பியது. பழைய முள்ளைப் பார்த்தேன். நட்ட நடுவில், சாமி மாதிரி.

விசிறி பழுதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இந்தக் காரில் ஏசி போடாமல் ஓடினால் விசிறி எழும்புவதே 105ஐத் தாண்டிய பிறகுதான். அப்படியே செய்திருக்கிறார்கள். அன்று நான் ஏசி போடவில்லை. எஞ்சினுக்குப் பாரம் குறையட்டும் என்று கண்ணாடியை இறக்கி, வெயிலில் வெந்துகொண்டு போனேன். ஏசியைப் போட்டிருந்தால் விசிறி தானாகவே சுற்றியிருக்கும். புத்திசாலித்தனம்!

வேறொரு எஞ்சின் என்றால் 107ஐப் பார்த்து இவ்வளவு பதறத் தேவையில்லை. இது வங்கெல் எஞ்சின். 13பி-ஆர்இடபிள்யூ என்று பெயர். பிஸ்டனுக்குப் பதிலாகத் தலா 654 சிசி கொண்ட, சுழலும் இரண்டு முக்கோண ரோட்டர்கள், காற்றைத் திணிக்க ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ளும் இரண்டு டர்போக்கள். பிஸ்டன் எஞ்சினில் தீப்பிடிக்கும் அதே சிலிண்டருக்குள் அடுத்த சுற்றில் குளிர்ந்த காற்று வரும். இதில் காற்று நுழையும் பக்கம் எப்போதும் குளிர்ந்த பக்கம். ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம் எப்போதும் தீப்பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஓய்வே கிடையாது. அதற்கு மேல், எரியும் அறை நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் சுவரின் பரப்பு அதிகம். பெற்றோலின் சூட்டில், எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேற்றருக்குப் போகும் பங்கும் அதனால் அதிகம்.

இன்னொன்று உண்டு, அதுதான் என் நித்திரையைக் கெடுத்தது. இந்த எஞ்சின் ஓர் அடுக்கு. இரும்புத் தட்டு, அலுமினிய உறை, இரும்புத் தட்டு, அலுமினிய உறை, இரும்புத் தட்டு என்று அடுக்கி, முன்னிருந்து பின்வரை நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள். சூடானால் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இந்த இழுபறிக்கு நடுவில் தண்ணீரைத் தீயறைக்குள் போகவிடாமல் தடுத்து நிற்பது நூல் மாதிரி ஒரு ரப்பர் வளையம். அது ஒருமுறை கருகினால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது. எஞ்சினை இறக்கி, அடுக்கை முழுதாகப் பிரிக்க வேண்டும். காருக்குக் கொடுத்த விலையில் ஒரு பெரிய துண்டை இன்னொரு தடவை கொடுப்பது மாதிரி.

மீற்றர் பூட்டி ஒரு மாதம் போயிருக்கும். கராஜைத் திறந்தபோது இனிப்பான ஒரு மணம். வெல்லப்பாகு கொஞ்சம் அடிப்பிடித்தது போல. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரோடு கலக்கும் கூலன்டின் மணம் அது, ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. மனைவி உடுப்புக் கூடையோடு நின்றபடி, "இஞ்சாருங்கோ, உங்கட ராசாத்தி மூத்திரம் பெய்திட்டா" என்றாள்.

டோர்ச் லைற்றோடு கீழே படுத்தேன். ரேடியேற்றரின் இரு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் புதிதில் கறுப்பு. என் காரில் அவை பழைய தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்திருந்தன. முப்பது வருடச் சூடு நைலோனுக்குச் செய்யும் வேலை அது. அந்த நிறத்தைக் கண்டால் தொட்டி உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேல் குழாய் பூட்டும் கழுத்தடியில் தலைமயிர் அளவு ஒரு வெடிப்பு. அதன் வழியே பச்சையாக ஒரு துளி ஊறி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்தது. குறை சொல்ல ஏலாது, முப்பது வருடம் உழைத்த சாமான்.

எனக்கு அந்த நேரத்தில் சித்தப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் கண்ணில் காட்டக் கிடையாது. யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோல் காட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய். ரேடியேற்றர் ஒழுகினால் சித்தப்பா அடுப்படிக்குப் போய் மஞ்சள்தூள் போத்தலோடு வருவார். சின்ன ஓட்டையென்றால் மஞ்சள் போய் அடைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டையென்றால் செம்பும் பித்தளையும் கொண்ட அந்த ரேடியேற்றரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஈயம் பற்றவைக்கிறவரிடம் போவார். பின்னேரம் கார் ஓடும். பிளாஸ்டிக்கில் ஈயம் பிடிக்காது. மஞ்சள்தூளை நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நுண்ணிய வழிகள் கொண்ட இந்த எஞ்சினுக்குள் அடைப்பான் எதையும் போட்டால், ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, அடைபடக் கூடாத இடத்தைத் தேடிப்போய் அடைக்கும்.

புது ரேடியேற்றர் வாங்கும் முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த ரப்பர் வளையம் உயிரோடு இருக்கிறதா? இல்லையென்றால் வாங்குவது பிணத்துக்குப் பட்டு. தம்பி ஒரு சனிக்கிழமை கண்ணாடிக் குழாய் ஒன்றோடு வந்தான். உள்ளே நீலத் திரவம். கூலன்ட் ஊற்றும் வாயில் குழாயைப் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மேலே உள்ள ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அந்த ஆவியைத் திரவத்துக்குள்ளால் இழுக்க வேண்டும். எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அவன் அமுக்கினான். குமிழி வந்தது. நீலம். பத்து நிமிடம் நின்று பார்த்தோம். எனக்கு வெளிச்சத்தில் அது பச்சை மாதிரித் தெரிய, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தேன். நீலம்தான்.

"சரி அண்ணை, இனிக் காசைச் செலவழியுங்கோ."

செலவழிப்பதில் எனக்குக் கெட்டித்தனம் உண்டு. எது தடிப்பு கூடியதோ அது நல்லது என்பதுதான் என் முதல் எண்ணம். தொழிற்சாலை ரேடியேற்றர் ஓர் இன்ச் தடிப்பு இருக்கும். சந்தையில் 36 மில்லிமீற்றரிலும் உண்டு, 50ஐத் தாண்டியும் உண்டு. தம்பிதான் தடுத்தான். காற்று முன்பக்கத்தில் குளிராக நுழைகிறது. உள்ளே போகப் போகச் சூடாகிறது. தடித்த ரேடியேற்றரின் பின்பாதிக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று, அதனால் அந்தப் பாதி செய்யும் வேலை குறைவு. அதே நேரம் காற்றுக்கு வழி கஷ்டமாகிறது. ஓடும்போது எப்படியோ தள்ளிக்கொண்டு போகும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதை இழுக்க வேண்டியது விசிறி, முப்பது வயது விசிறி. நகரத்துக்குள் ஓடும் காருக்கு ரொம்பத் தடித்ததைப் போட்டு நெரிசலில் முன்னைவிடச் சூடாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே 36. இரண்டு பக்கத் தொட்டியும் அலுமினியம், பற்றவைத்தது. இணையத்தில் மூன்றில் ஒரு விலைக்கு அதே படம் போட்ட ஒன்றும் கிடைத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பற்றுத் தையல் கோழி கிளறின மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். இந்த ஒரு இடத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கழற்றுவது பெரிய வித்தையில்லை, பொறுமை வேலை. பாட்டரி, காற்றுப் பெட்டி, இன்டர்கூலர் குழாய் எல்லாம் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு குழாயும் முப்பது வருட உறவை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும். முறுக்கி இழுக்கக் கூடாது. கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட வேண்டும், எப்படியும் புதுசுதானே போடப்போகிறோம். பழைய ரேடியேற்றரை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அலுமினிய இதழ்களில் கீழ் மூன்றில் ஒரு பங்கு மண்ணாக உதிர்ந்திருந்தது. அதற்கு முன்னால் நிற்கும் ஏசிக் கண்டென்சரில் யூக்கலிப்டஸ் இலைத் துண்டுகள், பூச்சி இறகுகள், யாரோ எப்போதோ தின்ற சொக்லெற்றின் வெள்ளித்தாள். பல் துலக்கும் பிரஷால் அரை நாள் சீவினேன். இதழ் வளைந்த இடங்களை மகளின் கைவேலைச் சாமானில் இருந்த தட்டை ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். இது எந்த விளம்பரத்திலும் வராத வேலை. ஆனால் காற்று முதலில் இதற்குள்ளால் வந்துதான் ரேடியேற்றரைத் தொடுகிறது.

கழற்றியது கழற்றியபடி இருக்கும்போதே மூன்று சாமான் மாற்றினோம். 82 பாகையில் ரேடியேற்றருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் புதுத் தேர்மோஸ்டாட். காற்றைப் பிரிக்கும் சின்னப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இந்தக் காரில் உண்டு, அதுவும் அதே தேயிலை நிறத்தில் இருந்ததால் அதற்குப் பதில் அலுமினியத்தில் ஒன்று. பிறகு, விசிறிக்கு 95 பாகையிலேயே உயிர் கொடுக்கும் ஸ்விட்ச், முந்திய தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் வருவது. இதில் அப்படியே பொருந்தும். விலையைப் பார்த்தால் மூன்றிலும் மலிவு அதுதான். பலனைப் பார்த்தால் முதலிடம் அதற்குத்தான் கொடுப்பேன். ரேடியேற்றர் வாங்கக் காசில்லாதவர் இதையாவது போடட்டும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. குழாய்த் தண்ணீர் ஊற்றாதேங்கோ. அதில் உள்ள உப்புகள் அலுமினியத்துக்கு விஷம். கனிமம் நீக்கிய தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. தண்ணீர் கூடக் கூடச் சூட்டை நன்றாகக் காவும், ஆனால் துருப்பிடிக்காமல் காப்பது கூலன்டில் உள்ள மருந்து. மூடியையும் கவனிக்க வேண்டும். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் உள்ளே தண்ணீர் 118 பாகைவரை கொதிக்காது. மூடியின் ரப்பர் செத்திருந்தால் நூறிலேயே கொதிக்கும். பத்துப் பதினைந்து டொலர் மூடி அது.

ஊற்றும்போது காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து, வாய் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டோம். குமிழி வந்துகொண்டே இருந்தது. நின்றுவிட்டது என்று நினைத்தபோது "குளுக்" என்று ஒரு பெரிய ஏப்பம் விட்டு, கை முழுக்கத் தெறித்து, மட்டம் அரை லீற்றர் இறங்கியது. அந்த ஏப்பம் வராமல் மூடியைப் பூட்டியிருந்தால் அவ்வளவு காற்றும் எஞ்சினுக்குள் எங்கோ ஒரு மூலையில் தங்கியிருக்கும்.

அன்று பின்னேரம் நெரிசலில் ஓடிப் பார்த்தேன். 95இல் விசிறி, 97ஐத் தாண்டவில்லை. சொர்க்கம். நெடுஞ்சாலையில் ஏற்றினேன். நூறு கிலோமீற்றர் வேகத்தில் காற்று அள்ளிக்கொண்டு போகும், 85க்கு விழும் என்று எதிர்பார்த்தேன். 94. 97. 100. வேகம் கூடக் கூடச் சூடு கூடியது. ஆயிரம் டொலருக்குக் கிட்டச் செலவழித்துவிட்டு, வெறும் நெஞ்செரிச்சலோடு திரும்பி வந்தேன்.

இரண்டு கிழமை எல்லாவற்றையும் சந்தேகித்தேன். தண்ணீர்ப் பம்ப்? தேர்மோஸ்டாட் தலைகீழாகவா? மீற்றர்? ஒரு நாள் இரவு தம்பி காருக்குக் கீழே டோர்ச் அடித்துக்கொண்டு படுத்திருந்தவன் கேட்டான்:

"அண்ணை, இதின்ர அடித்தட்டு எங்க?"

"என்ன அடித்தட்டு?"

நான் வாங்கிய நாளிலிருந்தே இருந்ததில்லை. முன்னைய ஆள் ஒருவரோ, எண்ணெய் மாற்றிய கராஜ் ஒன்றோ, பத்துப் பன்னிரண்டு போல்ட் திரும்பப் பூட்டப் பஞ்சிப்பட்டு எறிந்திருக்க வேண்டும். யாருக்கும் அது வெறும் சேற்றுத் தடுப்பாகத் தெரிந்திருக்கும். உண்மையில் ரேடியேற்றரின் பாதி வேலை அந்தத் தட்டில் இருக்கிறது. காற்று தானாக ரேடியேற்றருக்குள்ளால் போவதில்லை. முன்னால் அழுத்தம் கூடவும் பின்னால் குறையவும் இருந்தால்தான் போகும். தட்டு இல்லாவிட்டால் பம்பருக்குக் கீழால் ஓடும் காற்று மேலே எழும்பி எஞ்சின் அறையை நிரப்பிவிடுகிறது. பின்னாலும் அழுத்தம், முன்னாலும் அழுத்தம். வேகம் கூடினால் இரண்டும்தான் கூடும். நான் பெரிய வாசல் வைத்து வீடு கட்டிவிட்டுப் பின்கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

அசல் தட்டு தேடிக் களைத்து, இரண்டு மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் அட்டை வெட்டி அளவு பார்த்து நாங்களே செய்தோம். அதோடு, ரேடியேற்றரைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளிகள் ஒவ்வொன்றையும் கறுப்புப் பஞ்சுப் பட்டியால் அடைத்தோம். காற்றுக்குச் சோம்பல் அதிகம். பக்கத்தில் ஒரு சந்து இருந்தால் நெருக்கமான இதழ்களுக்குள் ஏன் போகப்போகிறது? பஞ்சுக்கு ஆன செலவு இருபத்திரண்டு டொலர். நெடுஞ்சாலையில் 87. அடுத்த நாளும் 87.

முழுப் பரீட்சைக்குப் போன தை மாதம் பாதர்ஸ்ட் போனோம். மேற்கே இருநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, நீல மலைகளைத் தாண்டி. இந்தப் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டும் என்றால், எங்களுக்கு மேற்கே பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் திகதி 48.9 பாகை பதிவானது. நாங்கள் போன நாள் அவ்வளவில்லை, 39. பாதர்ஸ்டில் மவுண்ட் பனோரமா ஓட்டப்பாதை மற்ற நாட்களில் சாதாரணத் தெரு. அறுபதில் சுற்றி வரலாம். 1992, 93, 94 மூன்று வருடமும் அங்கே நடந்த 12 மணி நேர ஓட்டத்தில் வென்றது இதே ஆர்எக்ஸ்-7. 95இல் ஓட்டம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஈஸ்டர்ன் கிரீக்குக்கு மாறியது, அங்கேயும் அதுதான். உச்சியில் நிறுத்தி மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு ஐஸ்கிரீம் கடை எங்கே என்பதில்தான் அக்கறை.

உண்மையான சோதனை திரும்பும் வழியில். ஹார்ட்லிப் பள்ளத்தாக்கிலிருந்து மவுண்ட் விக்டோரியாவுக்கு ஏறும் விக்டோரியா பாஸ், 1832இல் கைதிகளின் உழைப்பில் திறந்த பாதை, அவர்கள் அடுக்கிய கல்மதிலின் மேலேதான் ஏற்றம். செங்குத்து. முன்னால் ஆட்டு லொறி ஒன்று, இரண்டாம் கியரில். பழைய நாட்களில் இந்த இடத்தில் நான் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகப் போட்டு, எஞ்சினின் சூட்டைக் காருக்குள் இழுப்பேன். அது நல்ல முதலுதவி, ஆனால் உள்ளே இருப்பவர்கள் இட்லி ஆவார்கள். மனைவி பழக்கதோஷத்தில் துவாயை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"போடப் போறீங்களோ?"

91. 92. 92. மேலே ஏறி முடியும்போது 93. நான் ஒன்றும் சொல்லாமல் ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்டினேன். அவள் துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, எல்லாரும் படுத்த பிறகு, டோர்ச்சோடு கீழே போய்ப் படுத்துப் பார்த்தேன். கீழ்க்குழாய்க் கிளிப்பில் ஒரு ஈரம், துளியாகக்கூட ஆகவில்லை. ஸ்குரூ டிரைவரால் அரைத் திருகு திருகி, விரலால் துடைத்து, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். திரும்ப வரவில்லை.